பழைய மீன்பிடிப் படகு வாங்குகிறீர்களா? முதலில் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் பாருங்கள்

பதிவு உங்கள் பெயருக்கு மாறாத வரை, கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது மரமும் இரும்பும்தான். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர் என்று அரசு தரும் வரிவிலக்கு டீசல் பதிவை வைத்துத்தான் கிடைக்கிறது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால், உரிமையாளர்தான் ஆவணங்களோடு அந்நாட்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். பழைய உரிமையாளர் உங்களுக்காகக் கப்பலேறுவாரா?

நாகப்பட்டினம் விசைப்படகின் எண் IND என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். தமிழ்நாட்டுக் குறியீடான TN-ஐ அடுத்து 06 வரும். படகில் எழுதிய எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் எஞ்சின் எண். எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவில் சொல்லாமல் விடுவது சகஜம். பெயர் மாற்றம் அங்கேதான் சிக்கும். 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு அனுமதி இல்லை. விலை மலிவாக இருந்தாலும் அந்தப் படகு வேண்டாம். காரைக்கால் படகு என்றால் அது புதுச்சேரிப் பதிவு. அங்கே தடையின்மைச் சான்று வாங்கிய பிறகே இங்கே மாற்ற வேண்டும்.

வங்கி, கூட்டுறவுச் சங்கக் கடன்களுக்கு நிலுவை இல்லாச் சான்று கேளுங்கள். மானியத்தில் வாங்கிய படகோ எஞ்சினோ என்றால், விற்கத் தடை உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ராமேசுவரம் முதல் நாகை வரை இழுவைப்படகுக்கு மாற்றாகக் கொடுத்த சூரைமீன் தூண்டில் படகுகளில் 80 லட்சத்தில் 56 லட்சம் மானியம். அப்படிப்பட்ட படகில் இன்னும் கவனம் தேவை. எந்தக் காகிதத்திலும் வராத கடன் ஒன்று உண்டு: வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். மீனை அவருக்கே போடும் கட்டாயம் படகோடு சேர்ந்தே வரும். ஏலக்கூடத்தில் நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

படகைப் பார்க்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். கரையேற்றியிருப்பார்கள், ஏரா (படகின் அடிமரம்) முழுதும் கண்ணில் படும். மரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், உள்ளே இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது அல்லது கடல்புழு அரித்திருக்கிறது. ஃபைபரைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மங்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கும். படகைத் தள்ளும் காற்றாடியின் (புரொப்பெல்லர்) தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. துறை அதிகாரிகள் ஆண்டு ஆய்வு நடத்துவதும் இந்தச் சமயத்தில்தான். கடைசியாக நடந்த ஆய்வில் படகு காட்டப்பட்டதா என்று கேளுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு, மீன்பிடிப் படகுப் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் (ReALCraft) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பணம் மட்டும் கொடுத்து, ஒப்பந்தத்தில் எஞ்சின் எண்ணையும் டிரான்ஸ்பாண்டரையும் (செயற்கைக்கோள் தொடர்புக் கருவி) வலைகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள். மீதிப் பணம் புது ஆர்.சி. கைக்கு வந்த பிறகு.