மாடல் காரில் வெள்ளைப் படலம்: கரைக்காதீர்கள், தேய்த்து எடுங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இருக்கும் கறுப்பு டை-காஸ்ட் மாடல் காரில் பக்கக் கண்ணாடி கழன்றுவிட்டது. சின்ன ட்யூபில் வரும் உடனடிப் பசையை வைத்து ஒட்டி, தூசி படாமல் இருக்கட்டும் என்று அதன் பெட்டிக்குள்ளேயே மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் கதவெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது, பசையே படாத இடத்தில்கூட. பெயின்ட் போய்விட்டதா? நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் துடைக்கலாமா?"

பெயின்ட் போகவில்லை. ரிமூவர் போட்டால் போய்விடும்.

நாம் பொதுவாக ஃபெவிக்விக் என்று சொல்லும் வகைப் பசைகளில் இருப்பது சயனோஅக்ரிலேட். பரப்பின் மேல் ஒட்டியிருக்கும் துளி ஈரம் போதும், மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பாலிமராக இறுகிவிடும். இது பள்ளிப் பாடம்தான். கவனிக்க வேண்டியது ஓரத்தில் பிதுங்கி நிற்கும் உபரிப் பசையை. நடுவில் மாட்டிய பசை சட்டென இறுகும், பிதுங்கியது மெதுவாகத்தான் இறுகும். அதற்குள் அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. காற்றைவிடக் கனமான ஆவி என்பதால் அக்கம்பக்கத்திலேயே தவழ்ந்து, ஈரம் கிடைத்த இடத்தில் நுண்துகள்களாக இறுகிப் படிகிறது. மூடிய பெட்டியில் அதற்குப் போக்கிடமும் இல்லை.

அந்தக் கதவைச் சாய்வான வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். உங்கள் கட்டைவிரல் ரேகை வரி வரியாகத் தெரிந்தாலும் தெரியும். விரல் விட்டுப்போன வியர்வைப் படிவில்தான் இந்த ஆவி முதலில் போய் இறுகும். தடயவியல் கூடங்களில் இதையேதான் வேண்டுமென்றே செய்கிறார்கள்: மூடிய அறையில் பொருளை வைத்து, ஈரப்பதத்தை 80 சதவீதம் அளவுக்கு ஏற்றி, சயனோஅக்ரிலேட்டைச் சூடாக்குவார்கள். மறைந்திருந்த ரேகை வெள்ளையாக எழும். ஜப்பானியக் காவல்துறையினர் 1970களின் இறுதியில் கண்டுகொண்ட வழி இது.

சரி, இறுகிய சயனோஅக்ரிலேட் கண்ணாடி போலத் தெளிவான பொருளாயிற்றே, படலம் மட்டும் ஏன் வெள்ளை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண்) வேறாக இருந்தால், கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் திரும்பி வருகிறது. காற்றின் எண் 1. இறுகிய பசையின் எண் ஏறக்குறைய 1.49. கதவின் மேல் இருப்பதோ துகள், இடையில் காற்று, மறுபடி துகள், மறுபடி காற்று. ஒவ்வோர் எல்லையிலும் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, எல்லாத் திசையிலும் சிதறுகிறது. எல்லா நிறமும் சேர்ந்து சிதறுவதால் வெள்ளை. கறுப்புப் பின்னணியில் அது பளிச்சென்று தெரிகிறது. வெள்ளைக் காராக இருந்திருந்தால் நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள்.

இப்போது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்து அந்த இடத்தில் தடவுங்கள். படலம் அப்படியே மறைந்துவிடும்! ஒரு துகள்கூட எங்கும் போகவில்லை. இடைவெளியில் இருந்த காற்றைத் தள்ளிவிட்டு எண்ணெய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். எண்ணெயின் எண் 1.47 அளவில் இருக்கிறது, பசைக்கு மிக அருகில். வளைவதற்கோ திரும்புவதற்கோ காரணமில்லாமல் ஒளி நேராகப் போய்க் கறுப்பைத் தொடுகிறது. பஜ்ஜி வைத்த செய்தித்தாள் எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் ஊடுருவித் தெரிவதும் இதனால்தான்.

இந்தப் பசையின் வரலாற்றிலும் ஒளிவிலகல் எண் நுழைந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஈஸ்ட்மன் கோடாக்கின் வேதியியலாளர் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது சயனோஅக்ரிலேட் கைக்கு வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை செய்ததால் ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் அவர் குழுவைச் சேர்ந்த ஃபிரெட் ஜாய்னர் அதன் ஒளிவிலகல் எண்ணை அளக்கப் போய், கருவியின் இரண்டு பட்டகங்களும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் இது பசை என்று உறைத்தது. 1958-ல் கடைக்கு வந்தது. ஆய்வு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 'இதனால் என்ன பயன்?' என்று கேட்பவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும். போர்க் காலத்தில் கூவரால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்க முடியும்?

காருக்கு வருவோம். எண்ணெய் நிரந்தரத் தீர்வு இல்லை, தூசியை இழுக்கும். ஆனால் நல்ல சோதனை. தடவியதும் கறுப்பு முழுசாகத் திரும்பினால் பெயின்ட் பத்திரம். சோப்புத் தண்ணீரில் எண்ணெயைக் கழுவிவிட்டு, மென்மையான துணியில் மிக நைஸான பாலிஷ் தொட்டு லேசாகத் தேய்த்து எடுங்கள். மேலே உட்கார்ந்திருக்கும் துகள்கள்தானே, பெரும்பாலும் வந்துவிடும். பிடிவாதமாக நின்றால் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் நைஸான உப்புத்தாள். 2000 நம்பர் பேப்பரின் மணல் சுமார் 10 மைக்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். அந்த மணல் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது, ஆகவே அதோடு நிறுத்தினால் கீறல்களே ஒளியைச் சிதறடித்து, மறுபடி மங்கலாகத்தான் தெரியும். படிப்படியாக நைஸான பேப்பருக்குப் போய், கடைசியில் பாலிஷ். மடிப்பு விளிம்புகளில் பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே பெயின்ட் மெலிசு. பற்பசையும் வேலை செய்யும் என்பார்கள். செய்யும், அதில் தேய்ப்புத் தூள் இருக்கிறது. எவ்வளவு கரடு என்று ட்யூபில் போட்டிருக்காது என்பதால் நான் விலையுயர்ந்த மாடலில் தொட மாட்டேன்.

ரிமூவரில் இருப்பது பெரும்பாலும் அசிட்டோன். அது பசையைக் கரைக்கும், மாடல் கார்களில் அடிக்கும் பல பெயின்ட்களையும் கரைக்கும், கதவில் அச்சிட்ட எண்களையும் எழுத்துகளையும் எடுக்கும், ஜன்னல் பிளாஸ்டிக்கில் பட்டால் அதையும் மங்கடிக்கும். பசையை மட்டும் தேர்ந்தெடுக்க அதற்குத் தெரியாது.

பளபளப்பில்லாத மேட் பெயின்ட் என்றால் தேய்க்கவே கூடாது, தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். அதன் மேல் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். எண்ணெய் செய்த அதே வேலையைச் செய்துவிட்டுக் காய்ந்தும் போகும். குரோம் பூசிய பிளாஸ்டிக் பம்பரில் இருப்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவான உலோகப் படலம். நாலு தேய்ப்பில் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தெரியும். அங்கே மட்டும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்போடு விட்டுவிடுங்கள்.