வஜீரிஸ்தானில் சொட்டு மருந்து நின்றுபோன கதை

தடுப்பூசிப் பணியில் இருக்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்: மருந்தை ஊருக்குக் கொண்டுபோவதைவிட, பிள்ளையைத் தாய் நம்மிடம் நம்பி நீட்டுவதுதான் கடினம். 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது, ஒரு வாட்ஸ்அப் வதந்திக்காகவே பெற்றோரிடம் மணிக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. அந்த வதந்தி பொய். பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் மக்கள் சந்தேகப்பட்டதற்கோ உண்மையான காரணம் இருந்தது.

2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் பின்லேடன் ஒளிந்திருக்கும் வீட்டை உறுதிசெய்ய, ஷகீல் அஃப்ரிதி என்ற மருத்துவரை வைத்து அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ ஒரு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் நடத்தியது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் ரத்தம் கிடைத்தால் மரபணுவை ஒப்பிடலாம் என்று கணக்கு. இந்த ஊசியை மூன்று தவணை போட வேண்டும். முதலில் முகாம் நடந்த ஏழைக் குடியிருப்பில் ஒரு தவணையோடு விட்டுவிட்டு, பின்லேடன் இருந்த பகுதிக்குப் போய்விட்டார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். உளவு ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு மீதி ஊசியை யார் போடுவது?

ஜூலையில் விஷயம் வெளியே வந்தது. ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய பழங்குடிப் பகுதியான வஜீரிஸ்தானில் 2004 முதலே அமெரிக்காவின் ட்ரோன் தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்தன. ஒருவர் செய்த குற்றத்துக்குக் குலத்தையே தண்டிக்க இடம் தரும் 1901ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது. 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜீரிஸ்தானின் தத்தா கேலில், குரோமைட் சுரங்கத் தகராறைப் பேசித் தீர்க்கக் கூடிய ஜிர்கா என்ற ஊர்ப் பஞ்சாயத்து மீது ட்ரோன் ஏவுகணை விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குலப் பெரியவர்கள். தடுப்பூசிக் குழு ஊருக்குள் போக முதலில் பார்க்க வேண்டியவர்கள் இப்படிப்பட்ட பெரியவர்கள்தான். அவர்கள் இல்லாத ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர் சொல்வதே சட்டம்.

2012 ஜூனில் வடக்கு வஜீரிஸ்தானின் ஆயுதக்குழுத் தலைவர் ஹாஃபிஸ் குல் பகதூர், ட்ரோன் தாக்குதல் நிற்கும்வரை போலியோ சொட்டு மருந்துக்குத் தடை என்றார். பிள்ளைகளைப் பணயம் வைத்த கொடுமைக்கு அவரே பொறுப்பு. ஆனால் அதற்கு ஒரு சாக்கை அவர் கையில் கொடுத்தது அந்தப் போலி முகாம். டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அதே ஆண்டு பாகிஸ்தானில் 306 பேருக்குப் போலியோ, பாதிக்கு மேல் பழங்குடிப் பகுதிகளில். அந்த ஜூனில் ராணுவ நடவடிக்கை தொடங்கி, லட்சக்கணக்கானோர் பக்கத்து மாவட்டமான பன்னு பக்கம் ஓடினார்கள். இரண்டு ஆண்டுகளாக மருந்து கிடைக்காத பிள்ளைகளுக்கு அந்த வழியில் வைத்துத்தான் சொட்டு மருந்து கொடுக்க முடிந்தது. வீட்டை இழந்த பிறகுதான் அவர்களுக்கு மருந்து கிடைத்தது.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் 12 தலைவர்கள் 2013இல் ஒபாமாவுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். இனி தடுப்பூசித் திட்டங்களை சிஐஏ உளவுக்குப் பயன்படுத்தாது என்று 2014 மே மாதம் வெள்ளை மாளிகை பதில் சொன்னது. சரி, ஆனால் அது நிர்வாகம் தந்த வாக்குதான், சட்டமில்லை. எந்த நாட்டு உளவுத்துறையும் தடுப்பூசிப் பணியைத் தொடக்கூடாது என்று சட்டமாகவே எழுத வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்களில் நம் ஊர் மருத்துவர் சங்கங்களும் உண்டு.