பொம்மை நோயாளியைச் சுற்றி நால்வர்

2005 மார்ச் 29. இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண்ணுக்குச் சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே மூச்சுப்பாதை அடைபட்டு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அறையில் இருந்த மூன்று மூத்த மருத்துவர்களும் தொண்டை வழியாகக் குழாய் செருகத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். குழாயும் இறங்காமல், மாஸ்க் வழியாகக் காற்றும் போகாமல் இருந்தால் கழுத்தில் துளையிட்டாக வேண்டும் என்பது அவர்கள் அறியாத பாடமல்ல. ஒரு செவிலியர் அப்படித் துளையிடுவதற்கான டிரக்கியாஸ்டமி கருவிகளை எடுத்துவந்து, தயாராக இருப்பதாகச் சொல்லவும் செய்தார். யார் காதிலும் விழவில்லை. இன்னொருவர் ஐ.சி.யூ.வில் படுக்கைக்குச் சொல்லிவைத்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில் பின்வாங்கி, அதை ரத்து செய்தார். 13 நாள் கழித்து எலெய்ன் இறந்துபோனார்.

ஆபத்தில் மூளை கையில் இருக்கும் ஒரே வேலையைப் பிடித்துக்கொள்ளும். நேரம் போவது தெரியாது, பக்கத்தில் பேசுவது கேட்காது. எத்தனை அனுபவம் இருந்தாலும் இது நடக்கும். அப்போது விலகி நின்று பார்ப்பவர்தான் முழு நிலைமையையும் பார்க்கிறார். பெரும்பாலும் அவர் பதவியில் இளையவர், வேறு தொழிலைச் சேர்ந்தவர். மருத்துவ மாணவர் ஒரு கட்டடத்தில், செவிலிய மாணவர் இன்னொன்றில், மருந்தியல் மாணவர் வேறொரு கல்லூரியில் என்று நான்கைந்து வருடம் தனித்தனியாகப் படித்துவிட்டு, முதல் நாள் வேலையிலேயே ஓர் அணியாக இயங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

எலெய்னின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. நடந்ததைக் கேட்டதும், தன் துறை ஏற்கெனவே பாடம் கற்ற தவறு இது என்று அவருக்குப் புரிந்தது. 1978-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் அருகே ஒரு யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம், கேப்டன் சக்கரக் கோளாறிலேயே மூழ்கியிருந்ததால், எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. விமானக் குழுவினர் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசப் பழக்கும் பயிற்சி அதன்பின் பரவியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் கபா என்ற மயக்கவியல் மருத்துவர் 1990-ஐ ஒட்டி அதை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். நிஜ நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்து ஆபத்தை நடித்துப் பழகும் இன்றைய சிமுலேஷன் பயிற்சியின் வேர் அங்கேதான்.

பயிற்சி அறையில் படுத்திருக்கும் பொம்மை மூச்சுவிடும், அதற்கு நாடி துடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒருவர் அதன் குரலில் பேசுவார். கட்டிலைச் சுற்றி நால்வர்: மருத்துவம், செவிலியம், மருந்தியல், சுவாச சிகிச்சை படிப்பவர்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சில நிமிடங்களில் 'நோயாளி'க்குத் தொண்டை அடைக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. இந்தக் காட்சியை எழுதுபவரின் திறமை, தகவலைப் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. போன வருடமும் ஒரு மருந்துக்கு உடம்பெல்லாம் தடித்தது என்று மனைவியாக நடிப்பவர் செவிலிய மாணவியிடம் மட்டும் சொல்கிறார். எந்த மருந்து என்பது மருந்தியல் மாணவர் கையில் இருக்கும் பழைய சீட்டில் இருக்கிறது. நெஞ்சில் கேட்கும் விசில் சத்தம் ஸ்டெதஸ்கோப் வைத்தவருக்குத்தான் தெரியும். நால்வரும் வாய்விட்டுச் சொன்னால் ஒழிய இது மருந்து ஒவ்வாமை என்பது பிடிபடாது.

அடுத்து, மூத்த மருத்துவராக நடிக்கும் ஒருவர் வேகமாக உள்ளே வந்து, "அட்ரினலின் அரை மில்லிகிராம், நரம்பு வழியா மொத்தமா போடுங்க" என்கிறார். ஒவ்வாமைக்கு அந்த அளவைத் தொடைத் தசையில்தான் போட வேண்டும்; நாடி துடிக்கிறவருக்கு நரம்பில் ஒரேயடியாகச் செலுத்தினால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். மருந்தியல் மாணவருக்கு அது தெரியும். சொல்வாரா?

சொல்வதற்கு வழி முன்பே கற்றுத் தரப்படுகிறது: முதல் முறை கவலையைச் சொல், கேட்காவிட்டால் இன்னும் தெளிவாக இரண்டாம் முறை சொல், அப்போதும் நகராவிட்டால் "இது நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்க" என்று சொல். உத்தரவு வாங்குபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "அட்ரினலின் அரை மில்லிகிராம், தொடையில், தசைக்குள்." முடித்ததும், "போட்டாச்சு, மணி 10.42." தவறாகக் கேட்டிருந்தால் அந்தத் திருப்பிச் சொல்லலிலேயே பிடிபட்டுவிடும்.

காட்சி பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதைவிட நீளமானது, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் டீபிரீஃபிங். என் பார்வையில் பயிற்சியின் உயிரே இதுதான். நல்ல பயிற்றுநர் "ஏன் சும்மா நின்னே?" என்று கேட்கமாட்டார். "சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு முறை வாயைத் திறந்து மூடினீர்கள், அப்போது மனதில் என்ன ஓடியது?" என்பார். "டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன்" என்று பதில் வரும். உடனே மருத்துவ மாணவி திரும்பி, "எனக்கும் சந்தேகம்தான், யாராவது சொல்லமாட்டாங்களான்னு இருந்தது" என்பாள். இருவரும் மற்றவரின் தயக்கத்தை முதல் முறையாகக் கேட்கும் இடம் அது. இங்கே மதிப்பெண் போடத் தொடங்கினால் இந்தப் பேச்சு நின்றுவிடும்.

பலன் உண்டா? மாணவர்களின் மனப்பான்மை மாறுவதைக் காட்டும் ஆய்வுகள் நிறைய. நோயாளிக்குக் கிடைத்த பலனை அவர்களிடம் அளப்பது கடினம், ஏனென்றால் அவர்கள் சிகிச்சை தரத் தொடங்கவே வருடங்கள் ஆகும். பணியில் இருப்பவர்களிடம் சான்று வலுவாக இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள சவுத்மீட் மருத்துவமனையில் 2000-லிருந்து மகப்பேறு மருத்துவர், மருத்துவச்சி, மயக்கவியல் மருத்துவர் எல்லோரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தார்கள். ஆக்ஸிஜன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10,000 பிறப்புக்கு 27-லிருந்து 14-க்குக் குறைந்தார்கள். தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாக இறங்கியது.

அங்கே இது ஒருமுறை நடந்த பயிலரங்கு அல்ல, வருடா வருடம் நடப்பது, யாருக்கும் விலக்கில்லை. கல்லூரிகளில் இதைச் செய்ய விலை உயர்ந்த பொம்மைதான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். நடிக்கத் தெரிந்த ஒருவரும் காலிக் கட்டிலும் இருந்தாலே காட்சி நடத்தலாம். கிடைக்காதவை இரண்டு: நான்கு துறை மாணவர்களும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு பிற்பகல், டீபிரீஃபிங் நடத்தப் பழகிய ஒரு பயிற்றுநர்.