18 வயதுக்குப் பிறகு யாரைக் கூப்பிடுவது?

குழந்தைகள் இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்து, 18 வயது நிறைந்ததும் வெளியே போகும் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். தனியாக வாழ அவர்களைத் தயார்படுத்த வேண்டும் என்றதும் எல்லோரும் ஒரு பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். சமைக்கத் தெரிய வேண்டும், வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், வரவு செலவு எழுத வேண்டும், விண்ணப்பம் நிரப்பத் தெரிய வேண்டும். எல்லாம் தேவைதான். வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் வெளியே போன சில மாதங்களில் தடுமாறி நிற்கும் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசினால், சமைக்கத் தெரியாததுதான் பிரச்சினை என்று அநேகமாக யாரும் சொல்வதில்லை. "காய்ச்சலோட படுத்துக் கிடந்தேன், யாருக்குச் சொல்றதுன்னு தெரியல" என்கிறார்கள். "மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டினாரு, அன்னைக்கே வேலையை விட்டுட்டேன்" என்கிறார்கள். அன்று இரவு யாரிடமாவது பத்து நிமிடம் பேசியிருந்தால், அந்தப் பிள்ளை மறுநாள் வேலைக்குப் போயிருக்கும்.

ஒரு பையன் முதல் வேலைக்கான படிவத்தை என் எதிரில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தான். பெயர், பிறந்த தேதி, படிப்பு என்று மடமடவென்று எழுதிக்கொண்டு வந்தவன், 'அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டான். பேனாவை மூடினான், திறந்தான், மறுபடியும் மூடினான். "இதை எழுதாம விட்டா வாங்கிக்க மாட்டாங்களா?" என்று கேட்டான். இல்லத்தின் அலுவலக எண்ணை எழுதியிருக்கலாம். ஆனால் அடுத்த வருடம் அங்கே போனை எடுப்பவருக்கு அவன் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். ஒரு பிள்ளை இல்லத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்த இடத்தில் எழுத ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்குரியவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 18 வயதுக்குக் கீழே உள்ளவரைப் பொதுவாகக் குழந்தை என்கிறது. பல நாடுகளின் பராமரிப்பு ஏற்பாடுகளும் அந்த வயதை ஒட்டியே நிற்கின்றன. சட்டத்துக்கு ஏதோ ஒரு வயது தேவை, சரி. ஆனால் திட்டமிடுவதற்கும் அவசரத்தை அடக்குவதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. குடும்பத்தில் வளரும் பிள்ளைகளை 18-ஆம் பிறந்தநாளன்று யாரும் வெளியே அனுப்பிவிட்டுத் தொடர்பை முறித்துக்கொள்வதில்லை. போவார்கள், பணம் தீர்ந்ததும் திரும்பி வருவார்கள், மறுபடியும் போவார்கள். திரும்பி வர ஓர் இடமே இல்லாத பிள்ளைகளிடம் மட்டும் ஒரே தாவலில் அக்கரைக்குப் போய்விடச் சொல்கிறோம்.

பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளின் பராமரிப்புக்காக 2009-இல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. வெளியே போவதற்கான தயாரிப்பைக் கூடிய சீக்கிரம் தொடங்க வேண்டும், இயன்றவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கென்று ஒருவரை நியமிக்க வேண்டும் என்கின்றன. இங்கிலாந்தில் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளைஞர் கேட்டால், 25 வயது வரை தனக்கென ஓர் ஆலோசகரின் துணையைப் பெற 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நியமிக்கப்பட்டவர் உறவாக மாறுவது உத்தரவால் நடப்பதில்லை, அவர் நடந்துகொள்ளும் விதத்தால் நடக்கிறது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் அடிக்கடி தென்பட்ட விஷயங்களில் ஒன்று, கைவிடாமல் கூடவே இருந்த ஒரு பெரியவர். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராகவும் இருந்தார்கள்.

அந்த ஆட்களைக் கண்டுபிடிப்பதில்தான் எங்கள் தயாரிப்பு தொடங்குகிறது. 15, 16 வயதிலேயே ஒரு தாளும் பேனாவும் கொடுத்துச் சில கேள்விகள் கேட்பேன். ராத்திரி உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவாய்? வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னால்? ஒருவரோடு பழகுகிறாய், மனதுக்குள் ஏதோ உறுத்துகிறது, யாரிடம் சொல்வாய்? நல்ல சேதி வந்தால் முதலில் யாருக்குச் சொல்லத் தோன்றும்? பல பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் ஒரே பெயரை எழுதுவார்கள். சிலர் தாளை வெறுமையாகத் திருப்பித் தருவார்கள். ஒரே பெயர் என்றால் அந்த ஒருவர் களைத்துப்போனால் எல்லாம் போய்விடும். வெறுந்தாள் என்றால் பழைய ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், முன்பே வெளியே போய்க் காலூன்றிவிட்ட அண்ணன், அக்கா, தொடர்பு அறுந்துபோன உறவினர் என்று தேடுகிறோம். கிடைத்தவரிடம் நேராகவே கேட்கிறோம்: "இவளுக்கு நீங்கள் என்னவாக இருக்க முடியும்?" மாதம் ஒருமுறை பேச முடியும் என்றால் அது போதும். முடியாததை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். நிறைவேறாத வாக்குறுதிகளை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள்.

அப்புறம், பழக்குவது. மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நாம் போனில் பேசுகிறோம், பிள்ளை பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை பிள்ளை பேசுகிறது, நாம் பக்கத்தில் இருக்கிறோம், தடுமாறினாலும் போனைப் பிடுங்குவதில்லை. அதற்கடுத்து அது தானே பேசிவிட்டு வந்து நம்மிடம் சொல்கிறது. வாடகை ஒப்பந்தம் படிப்பது, விடுப்புக் கேட்பது, கடன் கேட்கும் நண்பனிடம் இல்லை என்று சொல்வது, எல்லாம் இதே வழிதான். பிள்ளைக்காக எல்லாவற்றையும் தாமே செய்து கொடுக்கும் பெற்றோரும் இதை யோசிக்கலாம். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒரு படிவம்கூட நிரப்பத் தெரியாமல் வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

பழக்கியதெல்லாம் பலன் தருமா என்பது, தவறு நடந்த பிறகு வரும் முதல் போனில் தெரிந்துவிடும். முதல் சம்பளம் பாதி மாதத்தில் தீர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று நீங்கள் ஆரம்பித்தால், அடுத்த தடவை போன் உங்களுக்கு வராது. வட்டிக்குப் பணம் கொடுப்பவருக்குப் போகும். "சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப கையில என்ன இருக்கு? எதை உடனே கட்டியாகணும்? நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பிறகு கொஞ்சம் பொறுமையாக இருங்கள். பதில் வரும். பண உதவி செய்வதானால், எவ்வளவு, எதற்கு, அது கடனா இல்லையா என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பேசாமல் விட்ட பணம் பல நல்ல உறவுகளைக் கெடுத்திருக்கிறது.

பிரச்சினை வந்தால்தான் பேச்சு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கிழமையும் நேரமும் குறித்து, விசேஷம் ஏதும் இல்லாவிட்டாலும் பேசுங்கள். பணம் இருக்கா, வேலைக்குப் போனியா, ரூம் சுத்தமா இருக்கா என்று விசாரணை மட்டுமே நடந்தால் பிள்ளைக்கு அது கண்காணிப்பாகத்தான் தெரியும். உங்கள் நாள் எப்படிப் போனது என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர்களிடம் கேளுங்கள். போனில் ஒரு செட்டிங்கை மாற்ற ஒரு பெண்ணிடம் உதவி கேட்ட பிறகுதான், அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் என்னிடம் தானாகப் பேச ஆரம்பித்தாள். உதவி வாங்கிக்கொண்டே இருப்பது யாருக்கும் கூச்சம்தான். தானும் ஒருவருக்குப் பயன்படுகிறோம் என்று தெரியும்போது அந்தக் கூச்சம் குறைகிறது.

சில பிள்ளைகள் வெளியே போன கையோடு போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். "யாரும் வேணாம், நானே பாத்துக்கிறேன்" என்பார்கள். நன்றி கெட்டதனம் என்று பெரியவர்கள் மனம் நோவதைப் பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்து பலர் வந்து போன வாழ்க்கையில், இவரும் போய்விடுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவர் போவதற்கு முன்னால் தாங்களே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இந்த நேரத்தில் தனிமை அவர்களை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதுதான் என் கவலை. அன்பு என்ற பெயரில் சம்பளத்தையும் போனையும் பறித்து வைத்துக்கொள்பவர்கள் தனியாக இருக்கும் பிள்ளையைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் கோபித்துக்கொண்டு விலகாதீர்கள். பதில் கேட்காத ஒரு குறுஞ்செய்தி போதும்: "உன் ஞாபகம் வந்தது. நான் இங்கேதான் இருக்கேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடு." பிறந்தநாளுக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, நடுவில் சும்மா ஒன்று. மாதக்கணக்கில் பதில் வராமல் இருந்து, பிறகு ஒருநாள் நள்ளிரவில் போன் வந்ததுண்டு. அந்த எண் மாறாமல் இருந்ததால்தான் அவர்களால் கூப்பிட முடிந்தது.

என்னைப் போன்ற பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் வேலை மாறுவோம், ஊர் மாறுவோம். அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே, நேரில் சொல்ல வேண்டும். அடுத்து வருபவரை நாமே அழைத்துப்போய் அறிமுகம் செய்து, மூவரும் உட்கார்ந்து ஒருமுறையாவது பேச வேண்டும். அவசரத் தொடர்பாக நம் பெயரை யாராவது எழுதியிருந்தால், அங்கே யார் பெயரை மாற்றி எழுதுவது என்பதையும் கிளம்புவதற்கு முன் அந்தப் பிள்ளையோடு பேசி முடித்துவிடுங்கள்.