வால்யூம்: கொள்ளளவா, தொகுதியா?

பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் சேமிப்புக் கருவிகளான வட்டு அணிகளைப் பராமரிப்பவர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்றின் வரைவு சில காலத்துக்கு முன் திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "தருக்கக் கொள்ளளவை 10 ஜிபி குறைக்கவும்." படிப்பதற்கு உறுத்தாத வரிதான். ஆனால் 100 ஜிபி அளவுள்ள ஒன்றின்மீது இந்த வரியைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒருவர் கட்டளையை உள்ளிட்டால், 90 ஜிபி இடம் ஒரே நொடியில் கைவிட்டுப் போகக்கூடும். வரியில் இரண்டு கோளாறுகள் உள்ளன. கணினியில் ஒரு சேமிப்பிடத்தைக் குறிக்கும் வால்யூம் என்னும் சொல்லுக்குக் கொள்ளளவு என்று எழுதியது ஒன்று. குறைப்பது எவ்வளவு, குறைத்தபின் எஞ்சுவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாதது மற்றொன்று. முதற்கோளாறு சொல்லின் வரலாற்றை அறியாததால் நேர்வது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

வால்யூம் என்பது இலத்தீன் மொழியின் "வொலூமென்" என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் "வொல்வெரெ"; சுருட்டுதல், உருட்டுதல் என்பது பொருள். சுழலும் குண்டறை கொண்ட துப்பாக்கியை ரிவால்வர் என்கிறோமே, அதற்கும் இதுவே வேர். பப்பைரசுத் தாளில் எழுதிச் சுருட்டி வைத்த சுருள்தான் முதலில் வொலூமென். பெரிய நூல் ஒரே சுருளில் அடங்காது. எனவே பல சுருள்களாக எழுதப்பட்டது. ஒவ்வொரு சுருளும் அந்த நூலின் ஒரு வால்யூம் ஆயிற்று. சுருள் மறைந்து, தாள்களை மடித்துத் தைக்கும் புத்தகம் வந்த பின்னும் பெயர் நிலைத்தது. பிறகு புத்தகத்தின் பருமனைக் குறித்து, அதிலிருந்து எந்தப் பொருளும் அடைத்துக்கொள்ளும் கன அளவைக் குறித்து, கடைசியில் ஒலியின் அளவையும் குறித்தது. நம்மில் பெரும்பாலோர் வால்யூம் என்றதும் நினைப்பது இந்தப் பிற்காலப் பொருள்களையே. கொள்ளளவு என்ற மொழிபெயர்ப்பும் அங்கிருந்தே பிறக்கிறது.

கணினித்துறையோ அளவைக் குறிக்கும் பொருளை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய, நூலின் பகுதியைக் குறிக்கும் பொருளையே எடுத்துக்கொண்டது. ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளில் ஒரு காந்த நாடாச் சுருள் ஒரு வால்யூம் எனப்பட்டது. சீரான அடையாளமிட்ட நாடாவின் தொடக்கத்தில் 80 எழுத்துகள் கொண்ட பதிவு ஒன்று இருக்கும். அது "விஓஎல்1" என்று தொடங்கும். அந்தச் சுருளுக்குரிய 6 எழுத்துத் தொடர் அடையாளம் அதையடுத்து வரும். கழற்றி மாட்டக்கூடிய வட்டுக் கட்டும் இவ்வாறே ஒரு வால்யூம். அந்த வட்டின் எந்த இடத்தில் எந்தத் தரவு உள்ளது என்பதைச் சொல்லும் பகுதிக்கு "வால்யூமின் பொருளடக்கம்" என்றே பெயரிட்டார்கள். கொள்ளளவுக்குப் பொருளடக்கம் இருக்க முடியாது. நூலின் தொகுதிக்குத்தான் இருக்க முடியும். இந்த ஒரு பெயரே வழக்கைத் தீர்க்கப் போதுமானது என்பது என் கருத்து. பப்பைரசுச் சுருளில் பிறந்த சொல் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு சுருளுக்கே, காந்த நாடாச் சுருளுக்கே, பெயராக அமைந்தது சொல்வரலாற்றில் அரிதாகக் காணும் அழகு.

ஆகவே தமிழில் தொகுதி என்பதே பொருந்தும் சொல். தொகு என்னும் வினையுடன் தி என்னும் விகுதி சேர்ந்து தொகுதி ஆகிறது. பகு பகுதியாவதும், மிகு மிகுதியாவதும், தகு தகுதியாவதும் இவ்வாறே. மேலை நாட்டார் நூலைச் சுருட்டினார்கள், அவர்கள் சொல் சுருளைக் காட்டுகிறது. நாம் ஓலைகளை அடுக்கித் துளையில் கயிறு கோத்துக் கட்டினோம், நம் சொல் சேர்த்தலைக் காட்டுகிறது. சேமிப்புத் துறைக்கு நம் சொல்லே இன்னும் நெருக்கமாக இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பகுதி, தொகுதி என்ற இணையை அருகருகே வைத்துப் பார்த்தால் அது விளங்கும். ஒரே வட்டைக் கோடு கிழித்துப் பிரிப்பது பார்ட்டிஷன். அது பகுப்பது, எனவே பகுதி. பல வட்டுகளின் இடத்தை ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்து வேண்டிய அளவை வேண்டிய பெயரில் எடுத்துக்கொடுப்பது வால்யூம். அது தொகுப்பது, எனவே தொகுதி. பகுதியின் எல்லை வட்டின் எல்லையைத் தாண்டாது. தொகுதிக்கு அந்த எல்லை இல்லை. வேறுபாடு முழுவதும் பகு, தொகு என்ற இரண்டு வினைகளிலேயே அடங்கிவிடுகிறது.

தொகுதிக்கு எதிராகச் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. தேர்தல் தொகுதி முதல் நூல் தொகுதி வரை இந்தச் சொல்லுக்கு வேலை மிகுதி. இலங்கைப் பாடநூல்களில் சமிபாட்டுத் தொகுதி என்பதுபோல உடல் மண்டலத்தையும் அது குறிக்கிறது. எனவே ஒரு கட்டுரையில் முதன்முறை வரும்போது "சேமிப்புத் தொகுதி" என்று எழுதி, அதன்பின் தொகுதி என்று சுருக்கிக்கொள்வது நல்லது. மடலம் என்ற சொல்லும் நூல் தொகுதிக்கு வழங்குகிறது; ஆயினும் அதில் தொகுத்தல் என்னும் செயல் தெரியவில்லை. கொள்ளளவு என்பதைத் தொகுதியின் ஒரு பண்பாக, "தொகுதியின் கொள்ளளவு 100 ஜிபி" என்று எழுதுவதற்கு விட்டுவைக்க வேண்டும். வால்யூமையே கொள்ளளவு என்று எழுதிவிட்டால் இந்த எளிய வாக்கியத்தை எழுத வழியில்லாமல் போகும்.

அடுத்து, லாஜிக்கல், பிசிக்கல் என்னும் அடைகள். லினக்சின் தொகுதி மேலாண்மை மென்பொருளை 1998இல் ஹெய்ன்ஸ் மாவெல்ஷாகன் எழுதத் தொடங்கியபோது எச்பி-யுஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்த அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டார். அதில் மூன்று அடுக்குகள். வட்டையோ வட்டின் பகுதியையோ மென்பொருளின் கணக்கில் சேர்த்தால் அது பிசிக்கல் வால்யூம். அவற்றில் சிலவற்றை ஒன்றாக்கினால் வால்யூம் குரூப். அந்தக் குழுவிலிருந்து அளந்து எடுப்பது லாஜிக்கல் வால்யூம். பிசிக்கல் என்பதை இயற்பியல் என்று பெயர்ப்பது பிழை. இயற்பியல் ஒரு பாடத்தின் பெயர். லாஜிக்கல் என்பதற்குத் தருக்கம் என்று மட்டும் எழுதினாலும் முழுமை இல்லை. ஏனெனில் இங்கே வாதமோ அனுமானமோ ஏதும் நடைபெறவில்லை. மூலமான கிரேக்கச் சொல் "லோகோஸ்" என்பதற்குச் சொல், அறிவு என்பவற்றுடன் கணக்கு என்ற பொருளும் உண்டு. அந்தப் பொருளே இங்கு ஒளி தருகிறது: லாஜிக்கல் வால்யூம் என்பது கணக்கில் உள்ள வட்டு. அதன் முதல் 4 எம்பி இந்த வட்டில், அடுத்த 4 எம்பி வேறொரு வட்டில் என்று ஓர் அட்டவணை சொல்கிறது; அந்த அட்டவணைக்கு வெளியே அப்படி ஒரு வட்டு எங்கும் இல்லை. இந்த 4 எம்பித் துண்டுக்கு எக்ஸ்டென்ட் என்று பெயர். குறிப்பாக வேறு அளவு கொடுக்காதவரை அதன் அளவு 4 எம்பிதான். தமிழில் அளவுக்கூறு எனலாம். 10 எம்பித் தொகுதி ஒன்றைக் கேட்டால் மென்பொருள் 12 எம்பி தருவது ஏன் என்பது இதனால் விளங்கும். அளவுக்கூறு ஒன்றைப் பாதியாக உடைக்க அதற்கு அனுமதி இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வட்டு அணி தனக்குள் இருக்கும் வட்டுகளைத் தொகுத்து ஒரு தொகுதியை உருவாக்கி வழங்கிக்கு, அதாவது சர்வருக்கு, தருகிறது. அணியின் பக்கமிருந்து பார்த்தால் அது லாஜிக்கல். அதைப் பெற்ற வழங்கி அதை ஒரு சாதாரண வட்டாகவே கருதித் தன் கணக்கில் பிசிக்கல் வால்யூமாகச் சேர்க்கிறது. ஒரே பொருள், இரண்டு பெயர். எனவே இவை பொருளின் இயல்பைக் குறிக்கும் அடைகள் அல்ல. அடுக்கில் அது நிற்கும் இடத்தைக் குறிப்பவை. இதனாலேயே நிலை என்ற சொல்லைச் சேர்த்துப் பிசிக்கல் வால்யூமைப் பருநிலைத் தொகுதி என்றும் லாஜிக்கல் வால்யூமைத் தருக்கநிலைத் தொகுதி என்றும் எழுதுவதை நான் விரும்புகிறேன். பருநிலை என்பது தொட்டுணரக்கூடிய இரும்பு என்று உறுதி கூறவில்லை. இந்த அடுக்கில் இது கீழே நிற்கிறது என்றே சொல்கிறது. வால்யூம் குரூப்புக்குத் தொகுதிக் குழு போதும்.

வட்டு அணி என்ற பெயரில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆங்கிலத்தில் அர்ரே என்பது போர்க்கள வரிசையையும் அணிமணிகளையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் அணியும் படை வரிசையையும் ஆபரணத்தையும் குறிக்கும். இரு மொழிகளும் ஒரே பாதையில் சிந்தித்த இடம் இது. வட்டு இன்னும் பழையது: நற்றிணையின் 3ஆம் பாடலில் சிறுவர்கள் வேப்பமர நிழலில் அரங்கு இழைத்து நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். இத்தகைய அணிக்கு வழங்கும் ரெய்டு என்ற ஆங்கிலச் சுருக்கப்பெயர் 1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோரின் ஆய்வுக்கட்டுரையால் பரவியது. அந்தப் பெயரின் விரிவில் இருந்த "மலிவான வட்டுகள்" என்பது பின்னாளில் "சார்பற்ற வட்டுகள்" என்று மாறிற்று.

லன் என்ற சொல்லை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது நாள்தோறும் தவறாக வழங்குகிறது. அது தருக்கநிலை அலகு எண் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஸ்கசி என்னும் இணைப்பு நெறிமுறையிலிருந்து வந்தது. தொடக்கத்தில் அதற்கு மூன்று பிட் மட்டுமே ஒதுக்கியிருந்ததால் 0 முதல் 7 வரை எட்டு எண்களே கிடைத்தன. பேச்சில் தொகுதியையே லன் என்கிறோம். "புதிதாக ஒரு லன் கொடுங்கள்" என்று கேட்கிறோம். ஆனால் லன் வீடு அன்று, கதவு எண். ஒரே தொகுதியை ஒரு வழங்கிக்கு 0 என்ற எண்ணிலும் வேறொரு வழங்கிக்கு 5 என்ற எண்ணிலும் காட்ட அணியால் முடியும். கட்டளை வரியில் எண்ணைப் பொருளாக நினைத்து "5ஐ அழி" என்று முடிவெடுப்பவர், மற்றொரு வழங்கி அதே தொகுதியை வேறு எண்ணில் பயன்படுத்திக்கொண்டிருப்பதை மறந்துவிடக்கூடும். ஆகவே எழுத்தில் தொகுதியைப் பெயராலும், லன்னை "எந்த வழங்கிக்கு எந்த எண்" என்ற இணைப்பாலும் குறிக்க வேண்டும். இணைப்பை எடுப்பதற்குத் துண்டித்தல், தொகுதியையே இல்லாமல் செய்வதற்கு அழித்தல் என்று வினைகளையும் பிரித்தாள வேண்டும். இரண்டுக்கும் "நீக்கு" என்றே எழுதுவது ஆபத்தானது.

இனி, முதலில் சொன்ன வரியின் இரண்டாம் கோளாறு. தொகுதியைச் சுருக்கும் கட்டளை எல்வி-ரெடியூஸ். அதற்குப் பெரிய எல் என்ற விருப்பக்குறியை இட்டு அளவைத் தருகிறோம். அளவுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டு 10ஜி என்று எழுதினால், இருக்கும் அளவிலிருந்து 10 ஜிபி கழியும்; 100 ஜிபித் தொகுதி 90 ஜிபி ஆகும். கழித்தல் குறி இல்லாமல் 10ஜி என்று எழுதினால், தொகுதியின் புதிய அளவே 10 ஜிபி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சிறு கோடு. பெரிதாக்கும் கட்டளையான எல்வி-எக்ஸ்டெண்டில் கூட்டல் குறி இதே வேலையைச் செய்கிறது; ஆனால் அங்கே குறியை மறந்து இருக்கும் அளவைவிடச் சிறிய எண்ணைக் கொடுத்தால், புதிய அளவு பழையதைவிடப் பெரிதாக இல்லை என்று கட்டளை மறுத்துவிடும். சுருக்கும் பக்கத்தில், எண்ணை மட்டும் பார்த்து மறுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்டக் குறியே வேண்டாம். ஓர் இடைச்சொல் போதும். "10 ஜிபியாகக் குறை" என்பது வேறு, "10 ஜிபியைக் குறை" என்பது வேறு. ஆக என்னும் சொல் முடிவு நிலையைச் சொல்கிறது. ஐ உருபு கழிக்கும் பொருளைச் சொல்கிறது. இவ்வளவு தெளிவான கருவி மொழியில் இருக்கும்போது, சுருக்கம் கருதி இரண்டையும் விட்டுவிட்டு "10 ஜிபி குறைக்கவும்" என்று எழுதினால் படிப்பவர் எப்படிப் பொருள்கொள்வார் என்பது அவருடைய ஊகத்துக்கே விடப்படுகிறது. நான் அந்த வரியை இப்படித் திருத்தினேன்: "தருக்கநிலைத் தொகுதியின் கொள்ளளவிலிருந்து 10 ஜிபியைக் கழிக்கவும், 100 ஜிபி 90 ஜிபி ஆகும்." பின்பாதியில் உள்ள கணக்கு மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். இயங்கிக்கொண்டிருக்கும் தொகுதியைச் சுருக்க முயலும்போது மென்பொருளும் அதையே செய்கிறது: இத்தனை ஜிபியாகச் சுருங்கப்போகிறது, தரவு அழியக்கூடும் என்று எச்சரித்து ஒப்புதல் கேட்கிறது. அந்த எச்சரிக்கையில் வரும் எண் எஞ்சும் அளவு, கழியும் அளவு அன்று. 90 என்று எதிர்பார்த்தவர் அங்கே 10 என்று கண்டால், ஒப்புதலைக் குறிக்கும் ஒய் என்ற எழுத்தை அழுத்தாமல் திரும்பிவிடலாம்.

வரிசையையும் கையேட்டில் சேர்த்தேன். பெரிதாக்கும்போது கீழிருந்து மேலே போக வேண்டும்: அணியில் தொகுதியை வளர்த்து, வழங்கியை மறுபடி நோக்கச் செய்து, பருநிலைத் தொகுதிக்குப் புதிய அளவை அறிவித்து, தருக்கநிலைத் தொகுதியை நீட்டி, கடைசியில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையை விரிக்க வேண்டும். நடுவில் உள்ள பருநிலைப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அணியில் இடம் கூடியும் குழுவில் காலி இடம் கூடவில்லையே என்று தேடுகிறார்கள். சுருக்கும்போது மேலிருந்து கீழே வர வேண்டும்: முதலில் கோப்பு முறைமை, அதன்பின்பே அதைத் தாங்கும் தொகுதி. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை நடைமுறையில் சுருக்க முடியாது என்பதால், அது இருக்கும் தொகுதியில் எல்வி-ரெடியூஸ் கட்டளையைத் தொடவே கூடாது. தரவைப் படியெடுத்து, சிறிய தொகுதி ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அங்கே மாற்றுவதே வழி.