ஸ்பானிஷ்: அசையைப் பிரித்தால் அழுத்தம் பிடிபடும்

ஸ்பானிஷ் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் வினைச்சொற்களைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிற எனக்கோ அழுத்தத்தைப் பற்றித்தான் கவலை அதிகம். 'தெர்மினோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். தெர்-மி-னோ, மூன்று அசை. முதல் அசையை அழுத்தினால் 'முடிவு'. நடு அசையை அழுத்தினால் 'நான் முடிக்கிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் முடித்தார்'. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நம் காது இதைக் கவனிப்பதே இல்லை.

விதி சின்னதுதான். சொல் உயிரெழுத்திலோ, 'என்', 'எஸ்' எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையில். இதற்கு அடங்காத சொல்லில், அழுத்த வேண்டிய உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இருக்கும். இவ்வளவையும் எல்லோரும் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அப்புறமும் தப்பு வருகிறதென்றால், அசையைத் தப்பாகப் பிரிக்கிறார்கள் என்று அர்த்தம்.

மருந்துக்கடைக்கு 'ஃபர்மாசியா'. இதை ஃபர்-மா-சி-யா என்று நான்காகப் பிரித்து, 'சி'யை அழுத்துபவர்கள் நிறைய. ஸ்பானிஷில் அ, எ, ஒ வலிய உயிர்கள். இ, உ மெலியவை. மெலியது வலியதோடு சேர்ந்தால் இரண்டும் ஒரே அசை. ஆகவே ஃபர்-மா-சியா, அழுத்தம் 'மா'வில். போலீசுக்கு 'போலிசியா'. இதுவும் 'சியா' என்றுதான் முடிகிறது, ஆனால் இங்கே இகரத்தின் மேல் கோடு இருக்கிறது. அந்தக் கோடு இரண்டு உயிரையும் பிரித்துவிடும்: போ-லி-சி-யா, அழுத்தம் 'சி'யில். இரண்டு வலிய உயிர்கள் எப்போதும் தனித்தனிதான். நாடக அரங்கு, தெ-ஆ-த்ரோ. நம் பழக்கத்துக்குத் 'தெ-ஆத்-ரோ' என்று வெட்டத் தோன்றும். அந்த 'த்ர' பிரியாது.

தமிழ் எழுத்தில் தெரியும் நெடிலை அழுத்தம் என்று நினைக்க வேண்டாம். குரல் அந்த அசையில் ஊன்ற வேண்டும்.

'கன்சியோன்' (பாட்டு) ஒருமையில் கோடு உண்டு, பன்மையான 'கன்சியோனெஸ்'ஸில் இல்லை. ஏன் என்கிறீர்களா? அழுத்தம் 'சியோ'வை விட்டு நகரவில்லை. பன்மையில் அது கடைசிக்கு முந்தைய அசையாகிவிட்டது, அவ்வளவுதான்.

பழைய புத்தகங்களில் 'கியோன்' (திரைக்கதை) கோட்டோடு இருக்கும். 2010-இல் ஸ்பானிய மொழி அகாதெமி வெளியிட்ட எழுத்திலக்கணப்படி அது ஓரசைச் சொல், கோடு வேண்டாம். மற்றபடி ஃபோனில் தட்டும்போதும் கோட்டை விடாதீர்கள். லத்தீன் அமெரிக்காவில் 'பாப்பா'வில் கோடு இருந்தால் அப்பா, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு.