பி.ஆர். உங்கள் பேரிலேயே இருக்கட்டும்: கைப்பிள்ளையோடு தொழில் தொடங்கும் தாய்மாருக்கு

"மறுகா வாங்க புள்ள." பிறகு வாருங்கள் என்று அர்த்தம். மட்டக்களப்பில் அரச அலுவலகப் படி ஏறிய எல்லாருக்கும் இந்தச் சொல் பழக்கம். படுவான்கரையிலிருந்து எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்த ஒரு தங்கச்சிக்கு ஒரே மாதத்தில் மூன்று தரம் இதைச் சொல்லி அனுப்பினார்கள். ஊரில் கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்கும் பாலர் பாடசாலைக்கும் சத்துமாவும் இடியப்பமும் கொடுக்க நினைத்தவள் அவள். அதற்கு ஒரு வியாபாரப் பெயர்ப் பதிவு, அதாவது பி.ஆர்., வேண்டும், அவ்வளவுதான். நான்காம் தரம் நானும் கூடப் போனேன். படிவத்தில் பெயரை முதலெழுத்தோடு சுருக்கி எழுதியிருக்கிறாள், அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் வேண்டுமாம். முதல் நாளே சொல்ல ஒரு நிமிடம் போதும்.

சட்டப் பின்னணி இரண்டு வரி. 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தில் தொடங்கிய விதி இது. சொந்த முழுப்பெயரில் மட்டும் தொழில் செய்தால் பதிவு கட்டாயம் இல்லை. அதோடு 'ஸ்டோர்ஸ்', 'ஃபூட்ஸ்' என்று எதைச் சேர்த்தாலும் பதிய வேண்டும். படிவம் பிரதேச செயலகத்தில் இருக்கும். ஆனால் பி.ஆர். இல்லாமல் வங்கியும் பேசாது, உதவித் திட்டமும் பேசாது. சில கடன்களுக்குப் பதிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே விற்பனை சூடு பிடிக்கட்டும், பிறகு பதியலாம் என்று இருக்காதீர்கள்.

யார் பேரில் பதிவது?

நான் அதிகம் பார்த்த பிழை இது. "நீ பிள்ளையோட அலையாத, நான் எடுத்து வாறன்" என்று கணவர் நல்ல மனதோடுதான் போகிறார், தன் பேரில் எடுத்து வருகிறார். ஆறு மாதம் கழித்துப் பெண்களுக்கான சுயதொழில் உதவி வரும்போது, வியர்வை சிந்திய மனைவிக்குத் தகுதி இல்லை, ஏனென்றால் காகிதத்தில் அவள் இல்லை. அலைவதை அவர் அலையட்டும், விண்ணப்பத்தில் பெயரும் ஒப்பமும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அடுத்தது வீடு. நம் பக்கத்தில் வீடு சீதனமாகப் பெண்ணுக்குத்தான் வரும். ஆனால் வாயால் கொடுத்த வீடுகள் பல, காணி உறுதிப் பத்திரம் இன்னும் அம்மா பேரில், சிலவேளை அம்மம்மா பேரில் கிடக்கும். தொழில் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்கும்போதுதான் இது தெரியவரும். உறுதிக்காரரிடம் 'இந்த இடத்தில் தொழில் செய்யச் சம்மதம்' என்று ஒரு கடிதமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் முதலே எடுத்து வையுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் அந்தப் பெர்மிட்டின் பிரதி.

கோழி முதலா, முட்டை முதலா

வியாபார லைசனுக்காகப் பிரதேச சபைக்குப் போனால் பி.ஆர். எங்கே என்பார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனால், சாப்பாட்டுச் சாமான் என்பதால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அறிக்கை எங்கே என்பார்கள். பி.எச்.ஐ. களத்துக்குப் போயிருப்பார். அதனால் பி.எச்.ஐ.யிலிருந்தே தொடங்குங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விண்ணப்பத்தைக் கொடுத்து, அவர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 'எச் 800' படிவத்தை வைத்துப் புள்ளி போட்டு ஏ, பி, சி, டி என்று தரம் தருவார்கள். வீட்டுக் குசினியில் தடுக்கி விழுவது பெரும்பாலும் சின்ன விடயங்களில்தான்: மூடியில்லாத குப்பை வாளி, மாச் சாக்கு நிலத்தில், கை கழுவும் இடத்தில் சோப் இல்லை, கோழி உள்ளே வந்து போகிறது. கிணற்றுத் தண்ணீர் என்றால் பரிசோதனை கேட்பார்கள். வேலை செய்யும் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள்.

சத்துமா விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பைக்கற்றில் கொழுகொழு குழந்தைப் படம் போட்டு 'ஆறு மாதக் குழந்தைக்கு ஏற்றது' என்று அச்சடித்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கான இணை உணவை விற்பதில் தாய்ப்பாலூட்டலைப் பாதுகாக்கும் விதிக்கோவை கறாராக இருக்கிறது. ஆயிரம் லேபல் அடித்துக் கிழித்துப் போட்டவர்களைத் தெரியும். குடும்பத்துக்கான சத்துமா என்று விற்றால் போதும். பெயர், நிறை, சேர்மானம், தயாரித்த திகதி, முடிவுத் திகதி, விலை, உங்கள் முகவரி, எல்லாம் மூன்று மொழியிலும்.

பிரதேச சபை லைசன் டிசம்பர் 31உடன் முடியும், எந்த மாதத்தில் எடுத்தாலும் சரி. நவம்பரில் காசு கட்டிவிட்டு ஜனவரியில் மறுபடியும் கட்ட நேர்ந்து திகைக்காதீர்கள்.

கிழமைக் கடன்

இந்த அலைச்சலுக்கு நடுவில் ஒருவர் மட்டும் "மறுகா வாங்க" என்று சொல்வதில்லை. நுண்கடன் கொடுப்பவர்தான் அவர், வாசலுக்கே வருவார். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும், காசு கையில்.

கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபாய் எடுத்து, கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்டினால் மொத்தம் 65,000. "முப்பது வீதம்தான் அக்கா" என்பார். ஆனால் முதல் கிழமையிலிருந்தே கடன் முதலும் குறைந்துகொண்டு போகிறதே, முழு 50,000மும் ஒரு வருடம் உங்கள் கையில் இருக்கவில்லை. உண்மையான வட்டி 50 வீதத்தைத் தாண்டும். இடியப்பத்தில் அந்த லாபம் வராது.

அதைவிட மோசமானது பிணை. பக்கத்து வீட்டு மச்சாளுக்காக வைத்த ஒப்பம், யாருக்கு என்ன கடன் என்று வங்கிகள் பார்க்கும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் உங்கள் பேரில் நிற்கும். அவள் கட்டாமல் விட்டால், இரண்டு வருடம் கழித்து வங்கி உங்களைத் திருப்பி அனுப்பும். காரணத்தையும் ஒழுங்காகச் சொல்லாது. கடனுக்கு எழுதும் முன்பே உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே கேட்டு எடுத்துப் பார்க்கலாம்.

சங்கம் என்றால்

தாய்மார் சேர்ந்து செய்வது நல்லது, ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க மற்றவள் அடுப்பைப் பார்ப்பாள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பேரில் உதவியாக மா அரைக்கும் மெஷின் வந்தால், அது யாருடையது, எங்கே நிற்கும், பழுது பார்க்கும் செலவு யாருக்கு என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். நிர்வாகம் மாறிய பிறகும் பழைய தலைவியின் விறாந்தையில் துணி மூடி நிற்கும் மெஷின்களை எண்ணினால் விரல் போதாது. இன்னொரு பொறி: முன்பு எப்போதோ பத்துக் கோழிக்குஞ்சு வாங்கியதற்காக 'ஏற்கனவே உதவி பெற்றவர்' என்று பட்டியலில் விழுந்து, பெரிய உதவி வரும்போது கழிக்கப்படுவது. குஞ்சுக்கு ஒப்பம் வைக்கும் முன் இதைக் கேளுங்கள்.

அஸ்வெசும வெட்டுப்படுமா?

அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பற்றி எல்லாரும் கேட்கும் கேள்வி. மாதம் 10,000 ரூபாய் வரும் வீட்டில் அந்தப் பயம் நியாயம்தான். தெரிவு 22 குறிகாட்டிகளை வைத்து நடக்கிறது: வருமானம், சொத்து, வீடு, மின்சாரப் பாவனை என்று. பி.ஆர். எடுத்தது ஒன்றையே வைத்து முடிவாவதில்லை. ஆனால் கணக்குக் கொப்பி ஒன்று வையுங்கள். ஒரு நாள் 6,000 ரூபாய்க்கு விற்றது வருமானம் இல்லை. அரிசி, விறகு, பைக்கற், ஓட்டோக் காசு போக மிஞ்சுவதுதான் வருமானம். கணக்கெடுக்க வருபவர் விற்ற தொகையை எழுதிவிட்டுப் போனால் மேன்முறையீட்டுக்கு அந்தக் கொப்பிதான் சாட்சி. ரின் இலக்கம் (வரி செலுத்துநர் இலக்கம்) எடுத்தால் வரி வெட்டுவார்கள் என்பதும் வீண் பயம். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லை. ஒரே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டு, முதலாளி பங்கு 12 வீதம். அதை மறைக்காதீர்கள்.

அலையவிட்டால்

அலுவலக வாசலில் பிரஜைகள் சாசனப் பலகை இருக்கும்: என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள். போனில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். "இது இல்லை, அது இல்லை" என்றால், "இல்லாத எல்லாத்தையும் இந்தத் தாளில் எழுதித் தாங்க ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பட்டியல் பாதியாகக் குறைவதை நானே கண்டிருக்கிறேன்.

அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், ஆலையடிவேம்பு, நாவிதன்வெளிப் பக்கத்தவர்கள் மாவட்ட மட்டத்துக்குப் போனால் சிங்களத்தில் படிவம் கையில் வரலாம். விளங்காத தாளில் ஒப்பம் வைக்காதீர்கள். தமிழில் கருமமாற்றுவது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்த உரிமை.

அதற்கும் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'என் விண்ணப்பம் எந்த நிலையில், யாரிடம் இருக்கிறது' என்று ஒரு பக்கக் கடிதம், அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் 'கிடைத்தது' என்று திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை வைப்பவர் சாப்பிடப் போயிருந்தால், அவர் வரும் வரை வாங்கிலேயே இருங்கள்.